பிங்கை நிறுத்துங்கள், நெட் வரும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, அதையே வீட்டுக்கு ரவுட்டராக்கினேன். நேட் விதியில் நெட்வொர்க் கார்டின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தேன். கண்டுபிடித்துத் திருத்தியும் லேப்டாப்பிலிருந்து பிங் போகவில்லை. என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன். அலுத்துப்போய் லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் தானாகவே வேலை செய்கிறது. எப்படி?"

ராத்திரி தூங்கி எழுந்தால் கம்ப்யூட்டருக்குப் புத்தி வந்துவிடாது. விதியைத் திருத்திய நிமிடமே எல்லாம் சரியாகிவிட்டது. அதை அவர் பார்க்கவிடாமல் தடுத்தது, இன்னொரு ஜன்னலில் விடாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பிங்தான்.

முதலில், வீட்டு முகவரிகளை ரவுட்டரின் வெளிமுகவரியாக மாற்றும் நேட் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு தெருவின் அழுக்குத் துணியையெல்லாம் ஒரே சலவைக்காரர் வாங்கி, தன் பெயரில் டவுன் சலவைக்கூடத்தில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்துக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். துணியின் ஓரத்தில் சேராங்கொட்டை மையால் ஒரு குறி வைத்து, 'இந்தக் குறி, நாலாம் வீடு' என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார். சலவைக்காரர்தான் ரவுட்டர். குறிதான் போர்ட் எண். நோட்டுதான் கெர்னலுக்குள் இருக்கும் கான்ட்ராக் அட்டவணை. பிங்குக்கு ஏது போர்ட் என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பாக்கெட்டில் ஓர் அடையாள எண் இருக்கிறது, குறியின் வேலையை அது செய்கிறது. இரண்டு வீட்டுத் துணியில் ஏற்கெனவே ஒரே குறி இருந்தால் ஒன்றை மாற்றி எழுதுவார், நேட்டும் அப்படியே. நோட்டில் இல்லாத குறியோடு ஒரு வேட்டி வந்து சேர்ந்தால், தனக்கு வந்ததாக நினைத்து விரித்துப் பார்ப்பார். லினக்ஸும் அதைத்தான் செய்கிறது. கஞ்சி போடுவதுதான் என்கிரிப்ஷன் என்று எழுதக் கை பரபரக்கிறது, விட்டுவிடுகிறேன்.

விஷயத்தின் ருசி இனிமேல்தான். நேட் விதிகளை கெர்னல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும் பார்க்கும். முடிவை நோட்டில் எழுதிவிட்டால், அந்த இணைப்பின் மற்ற பாக்கெட்டுகளுக்கு நோட்டுதான் வேதம். இது சோம்பேறித்தனமில்லை. பாதிப் பேச்சில் அனுப்புநர் முகவரி மாறினால், எதிர்முனைக்கு யாரோ அந்நியர் நடுவில் புகுந்ததாகத்தான் தோன்றும், பேச்சு அறுந்துபோகும்.

வாசகர் வீட்டில் நடந்தது இதுதான். தப்பான விதி இருந்தபோது பிங்கின் முதல் பாக்கெட் வந்தது. எந்த விதியும் பொருந்தவில்லை. 'மாற்றம் வேண்டாம்' என்று நோட்டில் பதிவாயிற்று. பாக்கெட்டுகள் 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரியோடே வெளியே போயின. அந்த முகவரிக்கு வெளியுலகிலிருந்து பதில் வர வழியே இல்லை. லினக்ஸில் பிங் பதிவுக்கு ஆயுள் 30 விநாடி. ஆனால் பிங்கோ விநாடிக்கு ஒருமுறை கதவைத் தட்டுகிறது. ஒவ்வொரு தட்டலிலும் ஆயுள் மறுபடி முப்பதாகிறது. மனிதர் விதியைத் திருத்தத் திருத்த, பழைய பதிவு நூறாண்டு வாழ்கிறது. லேப்டாப்பை மூடிய அரை நிமிடத்தில் அது செத்தது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். கான்ட்ராக் என்ற பெயரிலேயே உள்ள கருவியால் அட்டவணையை அச்சிட்டால், ஒவ்வொரு வரியிலும் இரண்டு பாதிகள் இருக்கும். முதல் பாதி போன வழி: 192.168.1.20-லிருந்து 8.8.8.8-க்கு. இரண்டாம் பாதி, பதில் எப்படி வரும் என்ற எதிர்பார்ப்பு. நேட் நடந்திருந்தால், அதில் பெறுநராக ரவுட்டரின் வெளிமுகவரி இருக்கும். அங்கேயும் 192.168.1.20 என்றே இருந்தால் நேட் நடக்கவில்லை. விதிக் கோப்பை நூறு முறை படிப்பதைவிட இந்த ஒரு வரி மேல்.

பிஎஸ்டி இயங்குதளக் குடும்பத்தின் பிஎஃப் ஃபயர்வாலுக்கும் இதே ஜாதகம்தான்: புது விதிகளை ஏற்றினாலும் பழைய இணைப்புப் பதிவுகள் தொடரும், தனியே துடைத்தெறிய வேண்டும். இதன் மறுபக்கம் இன்னும் வம்பு. 'நடப்பு இணைப்புகளை விடு' என்ற வரி ஃபயர்வாலில் முதலில் இருப்பது வழக்கம். அதற்குக் கீழே எந்தத் தடையை எழுதினாலும், ஏற்கெனவே உள்ளே வந்தவர் உட்கார்ந்தே இருப்பார். சும்மா கிடக்கும் டிசிபி இணைப்பைக்கூட லினக்ஸ் இயல்பாக 4,32,000 விநாடி, அதாவது 5 நாள், நோட்டில் வைத்திருக்கும்.

வரலாறு கேட்பவர்களுக்காக: 1994 மே மாதம் ஏகேவாங், பிரான்சிஸ் இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 1631 நேட்டை ஒரு தற்காலிக ஒட்டுப்போடலாகத்தான் முன்வைத்தது. சுமார் 430 கோடி ஐபிவி4 முகவரிகளில், மைய இருப்பு 2011 பிப்ரவரியில் காலி. ஒட்டு இன்னும் பிரியவில்லை. லினக்ஸில் இந்த நேட் வேலையைச் செய்யும், ரஸ்டி ரஸல் தொடங்கிய நெட்ஃபில்டர் 2001-இல் 2.4 கெர்னலோடு வந்தது. போதும்.

'நேட் இருக்கிறது, எனவே பாதுகாப்பு' என்று ரவுட்டர் பெட்டிகளின் அட்டையில் அச்சடிக்கிறார்களே, அதை நம்பாதீர்கள். நேட் முகவரியை மாற்றும், யாரையும் தடுக்காது. உங்கள் வெளிக்கம்பி போய்ச் சேரும் அதே நெட்வொர்க்கில் இருக்கும் ஒருவர், உங்கள் 192.168 முகவரிக்கே நேராக ஒரு பாக்கெட்டை ரவுட்டரிடம் கொடுத்தால், தடுக்கும் விதி இல்லாத லினக்ஸ் அதைப் பணிவோடு உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். கதவைச் சாத்துவது வடிகட்டும் விதிகளின் வேலை. அவற்றைத் தனியாக எழுத வேண்டும். பெட்டியில் செயற்கை நுண்ணறிவு என்று போட்டிருந்தாலும் சரி.

அடுத்த முறை விதியை மாற்றியதும் பிங்கை நிறுத்துங்கள். லேப்டாப்பில் லினக்ஸ் என்றால் உடனே மறுபடி தொடங்கலாம், பொதுவாக அடையாள எண் புதிதாக இருக்கும். விண்டோஸ் பிங் எப்போதும் 1 என்ற ஒரே எண்ணைத்தான் போடுகிறது. அதற்கு முப்பது விநாடிக்கு மேல் சும்மா இருக்க வேண்டும், அல்லது கான்ட்ராக் கருவியால் அந்தப் பதிவை அழிக்க வேண்டும். பிறகும் வராவிட்டால், ரவுட்டரின் வெளிக்கார்டில், பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு, எந்த முகவரியோடு பாக்கெட் கிளம்புகிறது என்று பாருங்கள்.