விளம்பரமும் வாய்மையும்

கலசப்பாக்கமும் ஆரணியும் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்கள். ஆரணிப் பட்டு நாடறிந்தது. முன்னர்ச் சேலையைத் தொட்டுப் பார்த்து வாங்கினர். இன்றோ கைப்பேசியில் தோன்றிப் புகழ்வோர் சொல்லை நம்பியே பலர் வாங்குகின்றனர். அப்புகழ்ச்சி பணத்திற்காகக் கூறப்பட்டதாயின், வாங்குவோர் அதனை அறிதல் வேண்டுமன்றோ?

இதன்பொருட்டு இந்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நெறிமுறைகளை வகுத்தது. ஒரு பொருளைப் பரிந்துரைப்போர், விற்பவரிடம் பணமோ பரிசோ பெற்றிருப்பின், அதனை வெளிப்படையாகக் கூறல் வேண்டும். ஆராயாது பொய்யாகப் புகழ்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். மீண்டும் தவறு செய்யின் அது 50 இலட்சம் வரை உயரும்.

கலப்பு நூலைப் பட்டென்று புகழும் பொய், வாங்குவோர் பொருளையும் நெசவாளர் பிழைப்பையும் ஒருங்கே கெடுக்கும். ஆதலின், கூறுவார் யார், எதன்பொருட்டுக் கூறுகின்றார் என ஆராய்ந்து வாங்குதலே அறிவுடைமையாகும்.