பெட்டியில் 5000 வாட், அறையில் எத்தனை?

போன தீபாவளிக்கு என் மகன் எஸ்.பி. ரோடிலிருந்து ஒரு மியூசிக் சிஸ்டம் வாங்கி வந்தான். அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்தது. நான் சாதனத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருந்த சீட்டைப் படித்தேன். அது இழுக்கும் மின்சாரம் 60 வாட்! ரயில்வேயில் 30 வருஷம் மோட்டாரும் ஜெனரேட்டருமாகக் காலம் தள்ளியவனுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? 60 வாட் வாங்கி 5000 வாட் தரும் இயந்திரம் இருந்தால் நம் பெங்களூரில் மின்வெட்டே இருக்காதே.

பி.எம்.பி.ஓ. என்பது கண் இமைக்கும் நேரம்கூட நிலைக்காத ஓர் உச்சத்தைக் காட்டும் எண். அதை அளக்கப் பொதுவான விதி கிடையாது. அன்பர்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்படும் தொடர் திறனைத்தான். அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்தது. அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 1974-இல், தொடர் திறனைச் சொல்லித்தான் விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி கொண்டு வந்தது.

இன்னொரு சூட்சுமம். வாட்டை இரட்டித்தால் ஓசை இரட்டிப்பதில்லை. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். 40 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் கூடுதல் பணம் கொடுப்பது வீண். அதைவிட ஸ்பீக்கரின் உணர்திறனைக் கேளுங்கள். 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில், ஒன்று 88 டெசிபலும் மற்றொன்று 91 டெசிபலும் தந்தால், இரண்டாவதற்குப் பாதி வாட் போதும். கூடத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஓரிரு வாட்டே தாராளம்.

ஓம் கணக்கை நான் பட்டுத்தான் கற்றேன். என் மனைவி மறைந்த மறு வருஷம், அவள் பாடிய பழைய கேசட்டை உறவினர் எல்லோரும் கேட்கட்டும் என்று, 8 ஓம் ஸ்பீக்கர்கள் இருந்த ஆம்ப்ளிஃபயரில் இன்னொரு 8 ஓம் ஜோடியையும் பேரலலாக மாட்டினேன். 8-உம் 8-உம் சேர்ந்தால் 4 ஓம். டிப்ளமா படித்தவனுக்கு அன்று அது உறைக்கவில்லை. 20 வோல்ட் கொடுத்தால் 8 ஓமில் 2.5 ஆம்பியர் ஓடும். 4 ஓமில் 5 ஆம்பியர். ஆம்ப்ளிஃபயர் தாங்காமல் திணறியது. சத்தம் போதவில்லை என்று வால்யூமை இன்னும் திருகினேன்.

மறுநாள் அவள் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல் மங்கிக் கேட்டது. நாடா போய்விட்டதென்று இரவு முழுவதும் தூக்கமில்லை. காலையில் நண்பர் வீட்டு டேப்ரிகார்டரில் போட்டேன். குரல் கணீரென்று வந்தது! கருகியவை ட்வீட்டர்கள். சக்திக்கு மீறி ஓடும் ஆம்ப்ளிஃபயர் ஒலி அலையின் முகட்டை வெட்டிவிடும். அந்த வெட்டில் பிறக்கும் உச்ச ஒலிகள் நேரே ட்வீட்டரின் மெல்லிய காயிலுக்குப் போகும். பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்பது பாதி உண்மை. சின்னதை முழுதாகத் திருகினாலும் எரியும். குரல் கரகரத்தால் உடனே குறைத்துவிடுங்கள்.

ஸ்பீக்கரின் ஓம், ஆம்ப்ளிஃபயரின் பின்னால் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது. சிவப்பு, கறுப்பு முனைகளை ஒரு பக்கம் மட்டும் மாற்றி மாட்டினால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். கடைக்காரரைத் திட்டுமுன் அதைச் சரி பாருங்கள்.

மகனின் 5000 வாட் கூடத்தில் பேத்திக்கு ஆடப் பயன்படுகிறது. ட்வீட்டர் மாற்றிய பழைய ஜோடி என் அறையில், கேசட்டுக்கு மட்டும்.