தேயும் ரேகைகள்

நியாயவிலைக் கடையில் கைரேகைக் கருவியின் முன் தடுமாறும் முதியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெருவிரலை வைப்பார்கள், பொருந்தவில்லை என்று வரும். முந்தானையில் துடைத்துவிட்டு மீண்டும் வைப்பார்கள். கருவி பழுது என்று சிலர் கூறுவர். சரியாக வைக்கத் தெரியவில்லை என்று வேறு சிலர் கூறுவர். பெரும்பாலும் இரண்டுமே காரணமல்ல, விரல் தேய்ந்திருக்கிறது.

ரேகை என்று நாம் சொல்வது கோடன்று, வரப்பு. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்த தோல் மேடுகள். அவற்றின் உச்சியில் வியர்வைத் துளைகள். கரு 10 வாரங்களைக் கடந்தபின் அரும்பும் இவை, சில வாரங்களிலேயே நிலையான வடிவம் பெற்றுவிடுகின்றன. புவித்தட்டுகள் நெருக்குவதால் பாறை மடிந்து மலையாவதுபோல, வேகமாக வளரும் தோலடுக்கு இடமின்றி மடிவதால் இவை உண்டாகின்றன என்றொரு விளக்கம் உண்டு. 2023-இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் வேறு. வளர்ச்சியைத் தூண்டும் வேதிச் சைகைகளுக்கும் தடுக்கும் சைகைகளுக்கும் இடையிலான இழுபறியில் மேடுகள் எழுகின்றன. விரல் நுனியின் நடுப்பகுதி, நகத்தின் அருகு, மூட்டு மடிப்பு ஆகிய மூன்று இடங்களிலிருந்து அலைகளாகப் பரவுகின்றன. அந்த அலைகள் சந்திக்கும் விதமே சுழியா, வில்லா என்பதை முடிவு செய்கிறது. இத்தகைய இழுபறியிலிருந்து வடிவங்கள் பிறக்கலாம் என்று கணிதமேதை ஆலன் டூரிங் 1952-லேயே சமன்பாடுகளால் காட்டியிருந்தார்.

வழுக்காமல் பிடிக்கவே ரேகை என்று படித்திருக்கிறோம். 2009-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகச் சோதனை அதை ஐயத்துக்குள்ளாக்கியது. வழவழப்பான பரப்பில் வரப்புகள் தொடுபரப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன. தோல் ரப்பரைப்போல நடந்துகொள்வதால், தொடுபரப்பு குறைய உராய்வும் குறையும். ஒரு பரப்பை வருடும்போது எழும் நுண்ணதிர்வுகளைப் பெருக்கி நரம்புக்கு உணர்த்துவதில் வரப்புகளுக்குப் பங்குண்டு என்று அதே ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். பட்டையும் பருத்தியையும் கண்மூடி அறியும் திறனில் இவற்றுக்கும் இடமிருக்கலாம்.

ஒரு மலையின் உயரம் என்பது எழுச்சிக்கும் அரிப்புக்கும் இடையிலான கணக்கு. இமயம் இன்னும் எழுகிறது. அரிப்பைத் தாண்டி ஓங்கி நிற்கிறது. ஆரவல்லியின் எழுச்சி என்றோ நின்றது. அரிப்பு மட்டும் நிற்கவில்லை. விரலிலும் இதே கணக்குதான். வரப்பின் அச்சு தோலின் ஆழத்தில் இருப்பதால், மேலே ஏற்படும் சிராய்ப்பு ஆறியதும் பழைய வடிவமே திரும்பும். ஆனால் சிமென்ட் கலவை அள்ளுபவருக்கும் செங்கல் சுமப்பவருக்கும் நாள்தோறும் பாத்திரம் துலக்குபவருக்கும் ஆறுவதற்கு அவகாசம் ஏது? மூப்பில் புதுப்பித்தலும் மந்தமாகிறது. கேப்சிடபைன் என்னும் புற்றுநோய் மருந்தால் ரேகையே மறைந்தவர்களும் உண்டு. ஒளியால் படிக்கும் கருவிக்கு, கண்ணாடியைத் தொடும் மேட்டுக்கும் தொடாத பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடே எழுத்து. உலர்ந்து தட்டையான விரலில் அது மங்கிவிடுகிறது.

1858-இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைப் பணிக்குப் பொருள் வழங்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தில் பெற்றார். ரேகையை அடையாளமாக்கிய வரலாற்றின் தொடக்கங்களில் ஒன்று அது. கையெழுத்தை மறுக்கலாம், கையை மறுக்க முடியாது என்பது கணக்கு. கையே மறுக்கும் நாள் வரும் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

சரிபார்ப்பு தோற்றதால் தகுதியுள்ள எவருக்கும் பயன் மறுக்கப்படாது என்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றத்திடம் ஒன்றிய அரசு உறுதியளித்தது. 2018 தீர்ப்பிலும் அது பதிவாகியிருக்கிறது. கருவிழிப் பதிவு ஒரு மாற்றுதான். ஆனால் கண்புரை வருவதும் அதே வயதில்தான். எத்தனை முறை விரல் பொருந்தாவிட்டால் பதிவேட்டில் கையொப்பம் பெற்று அரிசி வழங்கலாம் என்பதை, விற்பனையாளரின் இரக்கத்துக்கு விடாமல், ஒவ்வொரு கடையின் விலைப்பட்டியல் பலகையிலும் அரசு எழுதிவைக்கட்டும்.