லென்ஸைச் சோதிக்க மலை வேண்டாம், மரச்சிற்பம் போதும்

கல்வராயன் மலையின் பச்சையை எந்த லென்ஸ் நன்றாகப் பிடிக்கிறது? ஒரே முகட்டை இரண்டு லென்ஸில் எடுத்து, படங்களை அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்வது வழக்கம். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. கள்ளக்குறிச்சிச் சமவெளியிலிருந்து பார்க்கும்போது கேமராவுக்கும் முகட்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர் காற்று இருக்கிறது. அது நீல ஒளியைச் சிதறடிக்கிறது. தூசியும் ஈரப்பதமும் மரங்களின் விளிம்பைக் கரைக்கின்றன. படத்தின் நீலமும் மங்கலும் பெரும்பாலும் அந்தக் காற்றின் வேலை. ஒரு மேகம் நகர்ந்தால் பச்சையே வேறாகிவிடும்.

அப்படியானால் லென்ஸுக்கு நிறத்தில் பங்கே இல்லையா? உண்டு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் படும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 12 பரப்புகளைக் கடப்பதற்குள் கிட்டத்தட்ட 39 சதவீதம் போய்விடும். போனது முழுதும் வெளியேறினால் கவலையில்லை. ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தின்மேல் வெளிறிய திரையாகப் படிகிறது. 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகூலா உருவாக்கிய பூச்சு தீர்க்க முயன்றது இதைத்தான். கல்வராயன் மலையிலுள்ள ‘மேகம்’ அருவியில் வெயில் பட்ட வெள்ளை நீரும் நிழல் பாறையும் ஒன்றாக வரும் படத்தைப் பாருங்கள். நல்ல பூச்சிருந்தால் பாறை கறுப்பாகவே இருக்கும், அதன் பக்கத்து இலையும் அடர்ந்து தெரியும். ‘கலர் அருமை’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தக் கறுப்பின் தயவு.

கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாமே என்பார்கள். லென்ஸ் தரும் லேசான மஞ்சள் சாயலை ஒயிட் பேலன்ஸ் ஒரு நொடியில் நீக்கிவிடும், உண்மைதான். ஆனால், வெளிறலில் மூழ்கிய நிழலின் நுணுக்கத்தை மீட்க முயன்றால் இரைச்சலும் கூடவே எழும்.

நிறம் போகட்டும், லென்ஸின் கூர்மையைச் சோதிக்க நான் சொல்வது, 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம். ஆழம் அதிகமில்லாத புடைப்புப் பலகையைச் சுவரில் சாய்த்து, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவை ட்ரைபாடில் நேர் எதிரே நிறுத்தி எடுக்க வேண்டும். ஒரே தூரம், ஒரே ஒயிட் பேலன்ஸ். ஒவ்வொரு லென்ஸிலும் அதன் துளையை முழுதாகத் திறந்து ஒரு படம், எஃப்/8-ல் ஒரு படம். நடுவில் உளிக்கோடுகள் இரண்டிலும் தெளிவாக இருக்கலாம். எஃப்/8-ல் விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸ்கூட விலையுயர்ந்ததற்கு மிக நெருங்கி வரும். எஃப்/16-ஐத் தாண்டினால் ஒளி துளையின் விளிம்பில் வளைவதால் எல்லா லென்ஸும் மென்மையாகும். துளை முழுதாகத் திறந்த படத்தில், பலகையின் ஓரத்து யாளியின் பற்களை எண்ண முடிகிறதா என்று பாருங்கள்.