வீட்டில் ஒலிப்பதிவு: ரெக்கோடரா? கணனியா?



உங்கள் வீட்டு மூத்தம்மா பேரப்பிள்ளையைத் தொட்டிலில் இட்டுப் பாடும் தாலாட்டு எந்த நூலிலும் அச்சாகியிருக்காது. கிழக்கிலங்கையில் நம் பெண்கள் வாய்மொழியாகவே காத்து வந்த கவிகள் பலவும் அப்படித்தான். வரிகளைக் கொப்பியில் எழுதி வைக்கலாம். அந்த இழுப்பையும் குழைவையும் எப்படி எழுதுவது? பாடியவர் மௌத்தானால் ராகமும் அவரோடு போய்விடுகிறது.

பதிவு செய்து வைப்போம் என்று எண்ணும்போதே, தனி ரெக்கோடர் வாங்குவதா, கணனி வாங்குவதா என்ற கேள்வி வந்துவிடுகிறது. (இசைக்கருவிகள் பற்றிய மார்க்கச் சட்டம் தனியாக எழுத வேண்டிய விடயம். இங்கே மனிதக் குரலும், மிஞ்சினால் ஒரு றபானும் என்றே வைத்துக்கொள்வோம்.)

வீட்டிலிருந்தே பாடிப் பதிவது புதிய காரியமல்ல. சாதாரண கெசட்டில் நான்கு குரல்களைத் தனித்தனியாகப் பதியக்கூடிய ‘போர்ட்டாஸ்டூடியோ’ என்ற கருவியை டஸ்கேம் நிறுவனம் 1979 இல் வெளியிட்டது. 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜேர்சியில் தம் வீட்டில் அதிலேதான் பாடிப் பதிந்தார். பிறகு குழுவினருடன் ஸ்டூடியோவில் பாடிப் பார்த்தும் மனம் நிறையாமல், அந்த வீட்டுப் பதிவையே ‘நெப்ராஸ்கா’ என்ற பெயரில் அதே ஆண்டு வெளியிட்டார். விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் நல்ல பதிவு என்பது எப்போதும் உண்மையல்ல.

கணனியின் சிறப்பு பதிந்த பின்னரே தெரியும். பிழைத்த இடத்தை வெட்டலாம். நான்கு பிள்ளைகளின் குரலை வெவ்வேறு நாட்களில் பதிந்து ஒன்று சேர்க்கலாம். 2000 ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஓடாசிட்டி’ என்ற மென்பொருள் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கணனி மட்டும் போதாது. நல்ல மைக் வேண்டும். அதை இணைக்க, மைக்கின் வகையைப் பொறுத்து, இடையில் ஒரு பெட்டியும் தேவைப்படலாம். கணனியின் விசிறிச் சத்தமும் பதிவில் விழும். ஹெட்போனில் தம் குரல் சற்றுத் தாமதித்துக் கேட்டால் பாடுபவர் தடுமாறிப் போவார்.

கையடக்க ரெக்கோடரில் இத்தனை தொல்லை இல்லை. மைக் அதிலேயே இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பதியும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றதே, அப்படியான நாளிலும் இரண்டு பற்றரி போதும். அதன் சிறிய திரையில் வெட்டி ஒட்டுவதுதான் பெரிய வேதனை.

இன்னொன்றையும் யோசியுங்கள். நம் வீடுகளில் கணனி பெரும்பாலும் மகனின் கையில். அவன் பல்கலைக்கழகத்துக்கோ கட்டாருக்கோ போய்விட்டால் பதிவு அன்றோடு நின்றுவிடும். ரெக்கோடரை நீங்களே இயக்கலாம். மூத்தம்மா அடுப்படியில் தன்னை மறந்து முணுமுணுக்கும் நேரம், கணனி திறக்கும் வரை காத்திருக்காது.

ஆகவே முதியவர்களின் குரலைக் காப்பதே நோக்கமென்றால் முதலில் ரெக்கோடரை வாங்குங்கள். வெட்டுவதையும் சேர்ப்பதையும் பிறகு எந்தக் கணனியிலும் செய்து கொள்ளலாம். பிள்ளைகள் பல குரலில் கஸீதா பாடிச் சேர்க்க ஆசைப்பட்டால், அதுவும் வீட்டில் ஏற்கெனவே கணனி இருந்தால், நல்ல மைக் ஒன்றுக்குச் செலவிடுவதே புத்தி. இரண்டுக்கும் வசதியில்லையா? கையிலிருக்கும் தொலைபேசியில் இன்றே பதியுங்கள்.

எதில் பதிந்தாலும் மின்விசிறியை நிறுத்துங்கள். மெத்தையும் துணிகளும் உள்ள அறையில் எதிரொலி குறையும். கருவியை மடித்த துவாயின் மேல், வாயிலிருந்து ஒன்றிரண்டு சாண் தள்ளி வையுங்கள். சுருக்காத ‘வேவ்’ கோப்பாகப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் பிடிக்கும். 32 கிகாபைட் கார்ட்டில் சுமார் ஐம்பது மணிநேரம் அடங்கும்.

பாடியவரின் சம்மதம் இல்லாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள். பேத்திக்காகப் பாடிய பாட்டு ஊரெல்லாம் சுற்றுவதை அவர் விரும்பாமல் இருக்கலாம். ஒருமுறை போனால் திருப்பி எடுக்கவும் முடியாது.

பதிந்த அன்றே வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். கோப்பின் பெயரில் பாடியவர், ஊர், திகதி மூன்றையும் எழுதுங்கள். அலுமாரியில் வாப்பா காலத்துக் கெசட்டுகள் கிடந்தால் அவற்றையும் இப்போதே மாற்றுங்கள். நம் ஈரக் காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்கும்.