மேலதிக விசாரணை

எங்கள் கரையோரத்திற் செய்திக்குப் பஞ்சம் ஒருநாளும் ஏற்பட்டதில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கும் நிலப்பகுதி இது. வைகறையிற் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு ஜனாஸா அறிவித்தலை வாசித்தால், சுபஹ் தொழுகை முடிந்து வருவோரும் கோயிலுக்குப் பூக்கொய்யப் புறப்பட்டோரும் ஒருசேரக் காதுகொடுத்து, "யார் வீட்டு மௌத்து?" என்று விசாரித்துக்கொள்வர். பத்திரிகை வந்து சேருமுன்பே ஊருக்குச் செய்தி தெரிந்துவிடும். இன்றோ கைத்தொலைபேசி பள்ளிவாசலையும் முந்திக்கொண்டது.

ஆயினும் பத்திரிகையில் வரும் ஊர்ச்செய்திக்கென ஒரு வாய்பாடு உண்டு. ஒருவர் வீதி விபத்திலோ, கிணற்றில் வீழ்ந்தோ, வைத்தியசாலைக் கட்டிலிலோ திடீரென மரணமடைகிறார். திடீர் மரண விசாரணை அதிகாரி வருகிறார். சடலம் பிரேத பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறது. பொலிசார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர். அவ்வளவில் செய்தி முற்றுப்பெறும். அந்த மேலதிக விசாரணை என்னவாயிற்று என்பதைப் பின்னர் ஒரு மூலையில் நாலு வரியாகவேனும் காண்பது அரிது. வாசகர்களாகிய நாமும் கேட்பதில்லை. மறுநாள் வேறொரு மரணம் வந்துவிடுகிறது. அதற்கும் ஒரு மேலதிக விசாரணை.

களவு, கைகலப்பு, போதைப்பொருள் ஆகியவற்றைப் பொறுத்தவரை இதனால் விளையும் நட்டம் ஓரளவினதே. அவற்றுக்கு நீதிமன்றம் இருக்கிறது; தாமதமாயினும் தீர்ப்பு வரும். வைத்தியசாலையில் நிகழும் மரணத்தின் நிலை அப்படியன்று. அங்கே நடந்தது குற்றமா, தவறா, விதியா என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. சொல்லாதபோது ஊரே நீதிபதியாகிவிடுகிறது. 

இதனை விளக்க அதிக தூரம் போகவேண்டியதில்லை. 2024 மார்ச் மாதத்தில், அக்கரைப்பற்றுக்குத் தெற்கேயுள்ள திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டப் போட்டியில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் சுகவீனமுற்று உயிரிழந்தான். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவனுக்கு உரிய சிகிச்சை உரிய நேரத்திற் கிடைக்கவில்லை என்று குற்றஞ்சாட்டி மாணவரும் பெற்றாரும் ஊராரும் வைத்தியசாலையின் முன் திரண்டனர். நாடெங்கும் அது செய்தியாயிற்று. சில நாட்கள் எல்லாரும் பேசினோம். வைத்தியர்மீது பழிசுமத்தியோர் ஒருபுறம். பாடசாலைமீது சுமத்தியோர் மறுபுறம். அந்த மார்ச் மாதத்து வெயிலின்மீது சுமத்தியோர் இன்னொருபுறம். பிறகு நோன்பும் பரீட்சையும் சித்திரைப் புத்தாண்டும் வந்தன. பேச்சு ஓய்ந்தது.

அந்தப் பிள்ளை இறந்த காரணத்தைச் சொல்லும் தகுதி அவனைப் பரிசோதித்த வைத்தியருக்கே உண்டு; தெருவோரத்தில் நின்று அதை ஊகிப்பது முறையுமன்று, மரியாதையுமன்று. என் வினா வேறு. அந்த மரணத்திலிருந்து இக்கரையிலுள்ள மற்றப் பாடசாலைகளும் மற்ற வைத்தியசாலைகளும் எதைக் கற்றுக்கொண்டன? கற்றுக்கொடுக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது?

பாடசாலையிற் பணிசெய்வோர் அறிந்திருக்கவேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். கடும் வெயிலில் நெடுந்தூரம் ஓடுபவனுக்கு உடலின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி ஏறக்கூடும். அப்போது அவன் தடுமாறுவான், பிதற்றுவான், விழுவான். அந்நேரத்தில் முதற் சிகிச்சை குளிர்வித்தல். நிழலிற் கிடத்தி, இயன்றால் கழுத்தளவு குளிர்நீரில் அமிழ்த்தி, இயலாவிடின் உடல் முழுவதும் நீரை ஊற்றி விசிறி, கழுத்திலும் கக்கத்திலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைத்து, முதல் அரைமணி நேரத்துள் வெப்பத்தைத் தணித்துவிட்டாற் பெரும்பாலும் உயிர் தப்பும். முதலிற் குளிர்வி, பிறகு ஏற்றிச்செல் என்பதே விளையாட்டு மருத்துவத்தின் விதி. நாமோ முச்சக்கர வண்டியைத் தேடி ஓடுகிறோம். பிடித்த மீன் கெடாதிருக்கப் பெட்டி பெட்டியாக ஐஸ் ஏற்றத் தெரிந்த கரை இது! ஆனால் ஐஸ் என்ற சொல்லைக் கேட்டால் இப்போது பிள்ளைகளுக்குப் பொலிஸ் செய்தியிலே வரும் போதைத்தூளே நினைவுக்கு வருகிறது, காலத்தின் கோலம்.

இதுபோன்ற செய்தி எவர் வாயிலாக வெளிவர வேண்டும்? திடீர் மரண விசாரணை வாயிலாக வராது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி நடைபெறும் அந்த விசாரணை, மரணம் எவ்வாறு நேர்ந்தது, அதிற் குற்றம் உண்டா என்பதை நீதவானுக்கு அறிவிப்பதற்காக ஏற்பட்டது. குற்றம் இல்லையென்றால் அதன் வேலை முடிந்தது. நோயாளர் வண்டி ஏன் பிந்தியது, கடமையில் எத்தனை தாதியர் இருந்தனர், அடுத்த வைத்தியசாலைக்கு எப்போது தகவல் போயிற்று என்றெல்லாம் துருவுவது அதன் தொழிலன்று. திணைக்களங்களும் தமக்குள் விசாரணை நடத்துவதுண்டு. அவ்வறிக்கை கோவைக்குள் உறங்கும்.

குற்றமே இல்லையென்று நான் வாதாட வரவில்லை. சுகாதாரத் துறையிற் குற்றமும் நடந்துதான் இருக்கிறது. தரங்கெட்ட இம்யூனோகுளோபுலின் மருந்தைக் கொள்வனவு செய்த விவகாரத்தில், முன்னர் சுகாதார அமைச்சராயிருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதானதை நாடே பார்த்தது. அது நீதிமன்றம் தீர்க்கவேண்டிய விஷயம். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவி, மலிவாகவும் தரமாகவும் மருந்து வாங்குவதில் உலகுக்கு வழிகாட்டிய நாட்டிலே இப்படியும் நடந்ததே என்று நாணத்தான் வேண்டும். ஆனால் மருந்துக் கொள்வனவில் நடக்கும் மோசடிக்குப் பொருந்தும் அளவுகோல், இரவு இரண்டு மணிக்கு ஐம்பது நோயாளரைத் தனியே பார்க்கும் இளம் வைத்தியர் செய்யும் பிழைக்குப் பொருந்தாது. இரண்டையும் 'அலட்சியம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் அச்சிட்டுவிடுவதாற் பயன் யாருக்கு? 

ஊரார் சந்தேகப்படுவதை வெறும் அறியாமை என்று தள்ளிவிடவும் இயலாது. அதற்கு வரலாறு இருக்கிறது. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரில் மாதத்து வர்த்தமானி அறிவித்தலின்மூலம், அந்நோயால் இறந்தோரைத் தகனமே செய்யவேண்டும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனமோ அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தது. பிணத்தைத் தகனஞ்செய்வது எங்களுக்கு வழிவழி வந்த முறை. இஸ்லாமியருக்கு அது நினைக்கவும் ஆகாதது. தாயையும் தந்தையையும் கபனிட்டு, தொழுவித்து, மையவாடியில் வைக்கும் இறுதிக் கடமை மறுக்கப்பட்ட குடும்பங்களின் துயரை இக்கரையிலுள்ள இந்துக்களும் அயலில் நின்று கண்டனர். பத்து மாதங்களுக்குமேல் அந்த உத்தரவு நீடித்தது. 2021 பெப்ரவரி இறுதியில் அது தளர்த்தப்பட்டு, மார்ச் மாதம் முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடங்கொடுத்தனர். 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். அவர்களுட் பிற மதத்தினரும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அக்காலத்தில், வைத்தியசாலைக்குப் போனால் மையித்து வீடு திரும்பாதே என்ற அச்சம் வீடுகளுக்குள் புகுந்தது. விஞ்ஞானத்தின் பெயரால் விஞ்ஞானம் சொல்லாததைச் செய்தால், பிறகு விஞ்ஞானம் உண்மையைச் சொல்லும்போதும் ஜனங்கள் நம்பத் தயங்குவர். பிரேத பரிசோதனை என்றதும் இங்கே பலர் திடுக்கிடுவதற்குத் தாமதமின்றி அடக்கஞ்செய்ய வேண்டுமென்ற மார்க்கக் கடமை ஒரு காரணம். இந்த நினைவும் ஒரு காரணம்.

இனி, வழி ஒன்று உண்டா என்றால், அது நம் நாட்டிலேயே இருக்கிறது. பிரசவத்தில் இறந்த தாய்மாரின் கதையே அது. 1930களில் இலங்கையில் 100,000 பிரசவங்களுக்கு இறந்த தாய்மார் 2,000 பேரை அண்டியிருந்தனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 50க்குக் கீழே நிற்கிறது. மருத்துவமாதுகள் வீடு வீடாகச் சென்றது, 1951இல் வைத்தியசாலைக் கட்டணம் ஒழிந்தது, பெண்கள் படித்தது என்று இதற்குப் பல காரணங்கள். அவற்றோடு சேர்த்து எண்ணவேண்டியது ஒன்றுண்டு. 1985 முதல் ஒவ்வொரு தாயின் மரணமும் கட்டாயம் அறிவிக்கப்படவேண்டியதாயிற்று. அறிவிப்போடு விடுவதுமில்லை. அவளைப் பார்த்த மருத்துவமாது, சுகாதார வைத்திய அதிகாரி, வைத்தியசாலையின் மகப்பேற்று நிபுணர் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர். பெயர் சொல்வதில்லை, பழி சுமத்துவதில்லை என்பது நிபந்தனை. வீட்டார் புறப்படத் தாமதித்தார்களா, வழியில் தாமதமா, வந்தபின் வைத்தியசாலையில் தாமதமா என்று மூன்று தாமதங்களையும் தேடுகின்றனர். கண்டறிந்தது மற்ற வைத்தியசாலைகளுக்கும் போய்ச் சேருகிறது.

இங்கிலாந்தில் இத்தகைய இரகசிய ஆய்வு 1952இலேயே ஆரம்பமாயிற்று. கேரளத்து மகப்பேற்று வைத்தியர்கள் 2004இல் தாமாகவே முன்வந்து இதனைத் தொடங்கினர். தண்டனைக்கு அஞ்சாத இடத்திற்றான் வைத்தியர் வாய்திறந்து "இன்ன இடத்திற் பிசகிற்று" என்று சொல்வார்.

தாய்மாருக்குச் செய்ததை ஏனையோருக்கும் ஏன் செய்யலாகாது? பாடசாலை மாணவன், விபத்திற் சிக்கியவன், பாம்பு தீண்டிய விவசாயி, நெஞ்சுவலியோடு வந்து வரிசையில் நின்றவர் ஆகியோரின் எதிர்பாராத மரணங்களையும் இவ்வாறே ஆராய்ந்து, பெயர்களை நீக்கிவிட்டு, கண்டதையும் திருத்தியதையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடவேண்டும் என்பதே எனது கோரிக்கை. இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. 25 மாவட்டங்களுள்ள நாட்டில் சுகாதாரப் பிராந்தியங்கள் 26. அம்பாறை மாவட்டத்திற்குள்ளேயே தனித்து நிற்கும் கல்முனைதான் அந்த இருபத்தாறாவது. மற்றக் கரைகளுக்கில்லாத இந்தத் தனிப் பணிமனை இருக்கும்போது வேறெங்கும் முறையிடவேண்டியதில்லை.

சுகாதாரச் சீர்திருத்தம் என்றதும் நம்மவர் நினைப்பது மாடிக் கட்டடத்தையே. கல்முனை நகரில் நடந்து போய்விடக்கூடிய தூரத்தில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள்: வடக்கே ஒன்று, தெற்கே, 2000ஆம் ஆண்டு ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப்பின் பெயரில் ஒன்று. எது யாருடையது, எதற்கு அதிக நிதி என்ற தர்க்கத்திற்கு இங்கே குறைவில்லை. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களும் திரைச்சீலை, கட்டில், குளிரூட்டி என்று அன்பளிப்புத் திரட்டிப் புகைப்படமும் எடுத்துக்கொள்கின்றன, நல்ல காரியந்தான். ஆயினும் சென்ற மாதம் இங்கே எதிர்பாராமல் இறந்தோர் எத்தனை பேர், ஏன் என்று அக்குழுக்களில் ஒருவரேனும் எழுந்து கேட்கவேண்டும். கேட்பதற்கு இப்போது சட்டமும் துணைநிற்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரஜையும் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். நோயாளியின் அந்தரங்கத்தைக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் விசாரணையின் பின்னர் என்ன திருத்தம் செய்யப்பட்டது என்று கேட்கலாம். பத்திரிகை நண்பர்களுக்கும் இது பொருந்தும். "மேலதிக விசாரணை" என்று எழுதிய திகதியை நாட்குறிப்பிற் குறித்துவைத்து, மூன்று மாதங்கழித்து ஒரு விண்ணப்பம் அனுப்பினால் அதுவே ஒரு செய்தியாகும்.

ஆண்டின் முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் வருகின்றன. அவற்றோடு மரதன் ஓட்டமும் வரும். ஓட்டத்தைக் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்து, வெயிலேறுமுன் முடித்துவிடலாம். காய்ச்சலோ வயிற்றோட்டமோ உள்ள பிள்ளையை அன்று ஓடவிடாதிருக்கலாம். வழிநெடுகத் தண்ணீரும், முடிவிடத்தில் ஒரு பெரிய நீர்த்தொட்டியும், மீன் வாடியிலிருந்து இரண்டு பெட்டி ஐசும், 1990 என்ற இலவச நோயாளர் வண்டியின் இலக்கத்தை மனப்பாடமாக அறிந்த ஓர் ஆசிரியரும் இருந்தாற் போதும். முதல்நாளே பிரதேச வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கொடுத்து வைப்பதற்கு அதிபருக்குச் செலவு ஒரு தாள்.