பழைய ராஸ்பெரி பையில் பிபிசி மைக்ரோ எமுலேட்டர்: வரைகலை வேகத்தைக் கூட்டும் முறைகள்

பிபிசி மைக்ரோ என்பது கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட 8 பிட் கணினி ஆகும். அதைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருளைக் கொண்டு, அதன் நிரல்களை இன்றைய கணினிகளிலும் இயக்கலாம். விலை குறைந்த, பழைய ஒற்றைப் பலகைக் கணினிகளில் இதைச் செய்யும்போது படம் திணறுவதுண்டு. அதன் காரணத்தையும் தீர்வையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இந்தியத் தொடர்பு

1984-85இல் நடுவண் அரசு 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் சுமார் 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகள் சென்றன. இவ்வகைக் கணினி மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனத்தால் 'எஸ்சிஎல் யூனிகார்ன்' என்ற பெயரிலும் தயாரிக்கப்பட்டது. அக்காலப் பாட நிரல்களை அசல் கணினி இல்லாமல் மீண்டும் பார்க்க எமுலேட்டரே எளிய வழி.

ராஸ்பெரி பைக்கும் இதற்கும் உறவு உண்டு. அதில் உள்ள ஆர்ம் வகைச் செயலி ஏகார்ன் நிறுவனத்தில் பிறந்தது. 1985இல் உருவான முதல் ஆர்ம் செயலி, பிபிசி மைக்ரோவுடன் இணைத்தே சோதிக்கப்பட்டது.

திணறலின் காரணம்

பிபிசி மைக்ரோவின் செயலி வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பையின் வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். ஆகவே பழைய செயலியைப் போல நடப்பது பெரும் சுமையன்று. படத்தைத் திரைக்குக் கொண்டுசெல்வதே சுமை.

'மோடு 0' திரையில் 640×256, அதாவது 1,63,840 படப்புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 50 படங்கள் என்றால் சுமார் 82 லட்சம் புள்ளிகள். இதையே 1920×1080 அளவுக்கு விரித்தால் 10.37 கோடி புள்ளிகள் ஆகும். வினாடிக்கு 70 கோடித் துடிப்புகள் கொண்ட செயலிக்கு, ஒரு புள்ளிக்கு ஏழு துடிப்புகள்கூடக் கிடைப்பதில்லை. புள்ளிக்கு 4 பைட் வீதம் வினாடிக்கு 41 கோடி பைட்டுகளுக்கு மேல் எழுத வேண்டியிருக்கும்.

மேம்படுத்தும் முறைகள்

முதலில் எமுலேட்டரின் படம் வரையும் பகுதியை மட்டும் நிறுத்தி வேகத்தை அளக்க வேண்டும். அப்போது முழு வேகம் கிடைத்தால், குறை காட்சிப் பகுதியில்தான் உள்ளது. பிறகு கீழ்க்காணும் மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கலாம்.

1. படத்தை விரிக்கும் வேலையை மையச் செயலியிடமிருந்து வரைகலைச் செயலிக்கு மாற்றுதல். திரை நினைவகத்தை 640×512 என்று சிறியதாக வைத்தால், காட்சி வன்பொருளே அதைத் திரையளவுக்கு விரித்துக்கொள்ளும்.

2. நிற ஆழத்தை 32 பிட்டிலிருந்து 16 பிட்டாகக் குறைத்தல். பிபிசி மைக்ரோவில் அடிப்படை நிறங்கள் எட்டே என்பதால் இழப்பு ஏதுமில்லை. முதல் இரண்டு மாற்றங்களும் சேர்ந்தால் வினாடிக்கு எழுத வேண்டியவை சுமார் 3.3 கோடி பைட்டுகளாகச் சுருங்கும்.

3. மேசைச் சூழலைத் திறக்காமல், கட்டளைத் திரையிலிருந்து எமுலேட்டரை நேரடியாக இயக்குதல்.

4. திரையின் புதுப்பிப்பு வேகத்தை 50 ஹெர்ட்ஸாக அமைத்தல். 60 ஹெர்ட்ஸில் ஐந்து படங்களுக்கு ஒன்று இருமுறை காட்டப்படுவதால், போதிய வேகம் இருந்தும் நகரும் படம் குலுங்கும்.

5. எமுலேட்டரை எழுதுவோர், 256 பைட் மதிப்புகளுக்கும் உரிய படப்புள்ளிகளை முன்பே கணக்கிட்டு அட்டவணையாக வைக்கலாம். முந்தைய படத்திலிருந்து மாறிய வரிகளை மட்டும் மீண்டும் வரையலாம்.

குறைக்கக் கூடாதவை

வேகத்துக்காகத் துல்லியத்தைக் கைவிடுவது தவறு. 1984இல் வந்த 'எலைட்' விளையாட்டில் திரையின் மேற்பகுதி இருநிற முறையிலும் கீழ்ப்பகுதி நான்குநிற முறையிலும் அமைந்துள்ளன. திரை வரையப்படும்போதே நடுவில் முறை மாற்றப்படுகிறது. வரிவரியாகப் பின்பற்றாமல் முழுப் படத்தையும் ஒரே முறையில் வரையும் எமுலேட்டரில் இதன் ஒரு பகுதி சிதைந்து தெரியும். படங்களைத் தாண்டிச் செல்லும் வசதியும் அசைவைக் கெடுக்கும். மேற்கண்டவை எல்லாம் பலனளிக்காதபோது மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.